பசியாறியாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க

எங்கப்பாவோட பெல்ட்டுல மொத்தம் எட்டு ஓட்டை இருக்கு. கடையில வாங்கறப்ப இருந்தது அஞ்சு, மீதி மூணும் அவரே ஆணிய வெச்சு சுத்தியலால தட்டி போட்டது, ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கும். பாத்ரூம்ல விழுந்து ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப அவரோட சாமானெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு நர்ஸ் என் கையில குடுத்தாங்க. பெல்ட்ட எடுத்து சும்மா சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்பதான் அந்த மூணு ஓட்டையும் விரல்ல தட்டுப்பட்டுச்சு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரு இன்ச்சு. மூணு இன்ச்சு இடுப்பு காணாம போயிருக்கு, எனக்கு தெரியல.

தெரியாம போறதுக்கு நான் ஒண்ணும் வேற வேலை பாக்கறவ இல்ல. 19 வருஷமா பிசியோ. என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் வயசானவங்கதான். மலேசியாவுல பினாங்கு பக்கம் இருக்கோம், என் வீடு பட்டர்வொர்த், அப்பா வீடு பிறை, காடியில போனா பதினஞ்சு நிமிஷம். அம்மா தவறினதுக்கு அப்பறம் எங்க கூட வந்துருங்கன்னா வரமாட்டேன்னுட்டாரு, 31 வருஷம் ஃபெரியில வேலை செஞ்ச மனுஷன், கரையில ஒரு எடத்துல உக்கார வைக்கறதே கஷ்டம், இதுல மக வீட்டுல வேற. சரின்னு விட்டாச்சு. தினமும் வேலைக்கு போற வழியில போன் போடுவேன். "பசியாறியாச்சாப்பா?" "ஆச்சும்மா." "மருந்து போட்டாச்சா?" "ஆச்சும்மா." முடிஞ்சிச்சு, சிக்னலும் பச்சை விழுந்துரும்.

அவரு பொய் சொல்லல. நம்ம ஊர்ல யாரப் பாத்தாலும் பசியாறியாச்சான்னுதான் கேப்போம், அதுக்கு ஆச்சுன்னுதான் பதில், வணக்கத்துக்கு வணக்கம் சொல்ற மாதிரி. அப்பறம் பாத்தா காலையில வெறும் கோப்பி, ரெண்டு மேரி பிஸ்கெட், மத்தியானம் நான் ஞாயித்துக்கிழமை வெச்சிட்டு வந்த சாம்பார்லயே தண்ணி ஊத்தி ஊத்தி புதன்கிழமை வரைக்கும். ஒடம்பு எறங்கிப் போச்சு, ஆனா பிரஷர் மாத்திரை மட்டும் பழைய அளவுலயே போய்க்கிட்டு இருந்துருக்கு. படுத்திருக்கறப்ப 138 இருந்த பிரஷர் எழுந்து நின்னா 104க்கு எறங்குது. டாக்டர் எங்கிட்ட காமிச்சப்ப எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. இதையெல்லாம் நானே எத்தனை பேருக்கு வகுப்பெடுத்துருக்கேன்.

அப்பா இப்ப நல்லா இருக்காரு, அத மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி வாட்ஸ்அப்புல வரிசையா விசாரிக்க ஆரம்பிச்சுருவீங்க.

சொல்ல வந்தது வேற. பிறை பக்கம் எங்க குடும்பம் ரொம்ப வருஷமா போற ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. அங்க தலைவரு அப்பாவ பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, "நம்ம கோயிலுக்கு வர்ற வயசானவங்க எத்தனை பேரு இந்த மாதிரி இருக்காங்களோ தெரியலயே, நீ வந்து எங்க ஆளுங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக்குடும்மா"ன்னாரு. அவரு ஏதோ பேச்சுக்கு சொன்னாரு, நான் பிடிச்சுக்கிட்டேன். நாலு சனிக்கிழமை, கோயில் மண்டபத்துல, மத்தியானம் ரெண்டு மணியிலருந்து நாலரை வரைக்கும். வந்தவங்க 22 பேரு. கோயில் நிர்வாகம், ரெண்டு ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்து காவல் குழு) ஆளுங்க, மாதர் பிரிவு அக்காங்க, ஒரு ஃபார்மசியில வேலை செய்ற பொண்ணு, கவர்மெண்ட் கிளினிக்குல இருந்து ஒரு நர்ஸ், பாலர் பள்ளி டீச்சர் ஒருத்தங்க, அப்பறம் சாவு வேன் வெச்சிருக்கிற ஒரு அண்ணன். அவரு எதுக்கு வந்தாருன்னு மொதல்ல எனக்கு புரியல.

மொதல் சனிக்கிழமைய நானே கெடுத்தேன். ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் கோலாலம்பூர்ல ஒரு ஹோட்டல்ல ரெண்டு நாள் குர்சுஸ், அதாவது பயிற்சி வகுப்பு, போயிருந்தேன், முதியோர் பராமரிப்பு பத்தி, எந்த எடம் நடத்துனாங்கன்னு சொல்ல வேணாம். நல்ல சாப்பாடு. வயசானவங்க ஒடம்பு எப்படி இருக்கும்னு காமிக்க ஒரு கனமான சட்டை, மங்கலான கண்ணாடி எல்லாம் மாட்டி விட்டாங்க, எல்லாரும் போட்டுக்கிட்டு போட்டோ எடுத்தோம், கடைசி நாள் சிஜில் (சர்ட்டிபிகேட்) குடுத்தாங்க. ரெண்டு நாள்ல ஒரு உண்மையான பாட்டி தாத்தா கூட அந்த ஹால் பக்கம் வரல. அந்த ஸ்லைட தூக்கிட்டு வந்து நான் இங்க தமிழ்ல போட்டேன். பத்து நிமிஷத்துல கொட்டாவி. தலைவரு மரியாதைக்கு கண்ண தொறந்தபடி தூங்கறாரு.

ஸ்லைடுல ஒரு வரி இருந்துச்சு, நம்ம நாட்டுல வார்கா எமாஸ்னா 60 வயசும் அதுக்கு மேலயும், 2030ல ஜனத்தொகையில 15 விழுக்காடு அவங்கதான் இருப்பாங்கன்னு. அத படிச்சிட்டு சும்மா ஒரு வெளையாட்டுக்கு, "இங்க 60 தாண்டினவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க"ன்னேன். பதிமூணு பேர் எழுந்தாங்க. ஒரே சிரிப்பு. வயசானவங்கள கவனிக்க பயிற்சி எடுக்க வந்த கூட்டத்துல பாதிக்கு மேல வயசானவங்க! செயலாளர் மட்டும் உக்காந்தே இருந்தாரு, அவருக்கு 67ன்னு ஊருக்கே தெரியும்.

அப்ப லேப்டாப்ப மூடினேன். தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி மூணு மீட்டர் அளந்தேன், கைப்பிடி வெச்ச நாற்காலி ஒண்ண அந்தப் பக்கம் போட்டேன். உக்காந்திருந்து எழுந்து, சாதாரணமா நடந்து போய், கோட்டுல திரும்பி, வந்து மறுபடியும் உக்காரணும், அவ்ளோதான், போன்ல நேரம் பாக்கணும். 12 செகண்டுக்கு மேல போனா விழற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கலாம். "யாரு மொதல்ல வர்றீங்க"ன்னா செயலாளர்தான் வேட்டிய தூக்கி கட்டிக்கிட்டு வந்தாரு, "நான் தினமும் கோயில மூணு சுத்து சுத்தறவன்மா"ன்னு. எழுந்திருக்கறப்ப ரெண்டு தடவ முன்னாடி ஆடி ஆடித்தான் எழுந்தாரு. திரும்பற எடத்துல சின்னச் சின்னதா ஆறு அடி வெச்சாரு, காத்துல தூண தேடற மாதிரி ஒரு கை மட்டும் வெளிய நீட்டிச்சு. 14 செகண்ட். யாரும் சிரிக்கல. அவரே சிரிச்சாரு, அப்பறம் பக்கத்துல வந்து மெதுவா, "போன மாசம் குளிக்கிற எடத்துல ஒரு வாட்டி வழுக்குச்சு, வீட்டுல சொல்லல"ன்னாரு. அந்த ஒரு வாட்டிக்கு அப்பறம் யாரும் கொட்டாவி விடல.

ரெண்டாவது சனிக்கிழமை ஒரு சட்டம் போட்டேன், இந்த மண்டபத்துல யாரும் பசியாறியாச்சான்னு கேக்கக்கூடாது. ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு ஒருத்தர் பாட்டி, ஒருத்தர் பாக்கப் போறவங்க. பாட்டியா நடிக்கறவங்க காதுல மட்டும் ஒரு ரகசியம் சொல்லிருவேன், "நீங்க ரெண்டு நாளா சோறு ஆக்கல, கேஸ் தீந்து போச்சு, கேஸ் வாங்க காசில்ல, ஆனா யாருகிட்டயும் சொல்ல வெக்கம்." மத்தவங்க கேட்டு கண்டுபிடிக்கணும். மொதல் ரவுண்டுல ஒருத்தரும் கண்டுபிடிக்கல. "நல்லா இருக்கீங்களா பாட்டி", "ஏதோ இருக்கேன்யா", "புள்ளைங்க வர்றாங்களா", "வருவாங்க வருவாங்க", "சாமி இருக்கு பாட்டி", "ஆமாய்யா". எல்லாம் சிரிச்ச மொகமா முடிஞ்சிருது. நம்ம ஆளுங்க பேச்சுல அன்பு நெறைய இருக்கு, விஷயந்தான் ஒண்ணும் வெளிய வராது, நான் அப்பாவுக்கு போட்ட போன் மாதிரியே.

ரெண்டாவது ரவுண்டுல கேள்விய மாத்துனோம். "நேத்து ராத்திரி என்ன கறி?" இதுக்கு ஆச்சுன்னு பதில் சொல்ல முடியாது. சொல்லணும், இல்ல முழிக்கணும். "கடைசியா யாரு வந்தா?" "இந்த வாரம் எங்கெல்லாம் போனீங்க?" "ஒரு கோப்பி போட்டு குடுங்க பாட்டி, சேர்ந்து குடிப்போம்." இந்த கோப்பி விஷயம் மாதர் பிரிவுல ஒரு அக்கா சொன்னது, என் யோசனை இல்ல. கோப்பி கேட்டா அடுப்பு எரியுதான்னு தெரிஞ்சிரும், சீனி இருக்கான்னு தெரிஞ்சிரும், அவங்க எழுந்து நடக்கறத பாக்கலாம், கை நடுக்கத்த பாக்கலாம், எத எங்க வெச்சோம்னு ஞாபகம் இருக்கான்னும் பாக்கலாம், கூடவே பாட்டிக்கும் ஒரு சந்தோஷம், வந்தவங்களுக்கு நான் ஏதோ குடுத்தேன்னு. நான் டிப்ளமோவுல படிச்ச எந்த பரிசோதனையும் இவ்ளோ சுளுவா இல்ல.

அப்பறம் கண்ணால பாக்கறது. பெல்ட் கதைய சொன்னேன். அதுக்கப்பறம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சாங்க. கடையில சும்மா குடுக்கிற நாள் கிழிக்கிற காலண்டர் இருக்குல்ல, அது எந்த தேதியில நிக்குதுன்னு பாருங்கன்னு ருக்குன் தெத்தாங்கா அங்கள் சொன்னாரு, அவங்க பிளாட்டுல ஒரு தாத்தா வீட்டுல ஒம்போது நாளா ஒரே தேதி நின்னுச்சாம். வாசல்ல காஞ்ச கோலம். ஒரே சேலை. சாமி மேடையில பழைய பூ. சாவு வேன் அண்ணன் அதுவரைக்கும் பேசவே இல்ல, கடைசியில எழுந்து, "நீங்க சொல்றதெல்லாம் நான் பாக்கறேன் தங்கச்சி, ஆனா நான் போறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும், நாலு நாள் கழிச்சு பக்கத்து வீட்டுக்காரங்க வாசம் வருதுன்னு சொல்லித்தான் கூப்பிடறாங்க, இந்த வருஷத்துல எனக்கு இது மூணாவது"ன்னாரு. எதுக்கு வந்தாருன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

அந்த வாரமே ஒரு தப்பும் நடந்துச்சு, அதையும் எழுதிடறேன். நம்ம வகுப்புல இருந்து உற்சாகமா போன ஒருத்தர் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மைக்க பிடிச்சு, இந்த பிளாக்குல இந்த மாடியில இந்த பாட்டி தனியா கஷ்டப்படறாங்க, முடிஞ்சவங்க உதவி பண்ணுங்கன்னு பேரச் சொல்லி அறிவிச்சிட்டாரு. நல்ல மனசுலதான் செஞ்சாரு. ரெண்டு மூட்டை அரிசி, எண்ணெய், மைலோ டின் எல்லாம் குவிஞ்சிருச்சு. பாட்டி மூணு வாரம் கோயிலுக்கு வரல. நான் போய் பாத்தப்ப அரிசி மூட்டை வாசல்லயே இருந்துச்சு, உள்ள எடுக்கவே இல்ல. "நான் பிச்சையா கேட்டேன்"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. கூடவே இன்னொண்ணு யோசிங்க, தனியா இருக்கிற வயசான பொம்பளையோட மாடி நம்பர ஊருக்கே சொல்லியாச்சு. தலைவருன்னா என்ன செய்யணும்னு சொல்லிக்குடுக்க நான் யோசிச்சு வெச்சிருந்தேனே தவிர, என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லிக்குடுக்கல, அது என் தப்பு. மூணாவது சனிக்கிழமை முழுக்க அதுக்கே போச்சு. மைக்குல பேர் வேணாம். ஐசியோ (அடையாள அட்டை) பேங்க் கார்டோ வாங்கி வெச்சுக்க வேணாம், உதவிக்குன்னாலும் வேணாம். சாமான் குடுக்கறத போட்டோ எடுத்து ஃபேஸ்புக்குல போட வேணாம் (இதுக்குத்தான் ரொம்ப எதிர்ப்பு வந்துச்சு, ஒய்பி, நம்ம தொகுதி பிரதிநிதி, வந்தா என்னம்மா பண்றதுன்னாங்க). அவங்கள கேக்காம அவங்க புள்ளைங்களுக்கு போன் போட வேணாம், ஏன்னா சில வீட்டுல பிரச்சனையே அந்தப் புள்ளைதான்.

அந்த கடைசி விஷயத்துல மண்டபமே கம்முன்னு ஆயிருச்சு. நலத்துறை குடுக்கிற வார்கா எமாஸ் உதவி இப்ப மாசம் 600 ரிங்கிட், அது பேங்க்ல விழுது, கார்டு யாருகிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி. "பேரன்தான் எடுத்துட்டு வந்து குடுப்பான்", "எவ்ளோ குடுப்பான்", "அவன் குடுக்கறத குடுப்பான்". இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா அந்தப் பேரன் கோயில் திருவிழாவுல காவடி தூக்கறவன், அவங்கப்பா நிர்வாகத்துல இருக்காரு, யாரு கேக்கறது. வீட்டு விஷயம்னு விட்டுர்றோம். நான் சொன்னது இதுதான், நீங்க போலீஸ் இல்ல, நீங்க சண்டை போட வேணாம், பாட்டிய தனியா வெச்சு மெதுவா கேளுங்க, தாலியான் காசேன்னு அரசாங்கத்தோட உதவி நம்பர் இருக்கு, 15999, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, யாரு வேணாலும் கூப்பிடலாம், அடிதடின்னா அவசர நம்பர் 999. சிலபேர் நம்பர எழுதிக்கிட்டாங்க. சிலபேர் எழுதல, அதையும் நான் பாத்தேன்.

செவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிங்களுக்கு குடுக்கிற அட்டை, அத வெச்சிருக்கிற பாட்டிங்க கதை இன்னும் மோசம். ரப்பர் தோட்டத்துலயே பொறந்து, தோட்டத்துலயே பால் வெட்டி, பொறப்பு பத்திரம் இல்லாம செவப்பு ஐசியோடயே கெழவியானவங்க, அந்த 600 குடியுரிமை இருக்கிறவங்களுக்குத்தான், இவங்களுக்கு கெடையாது. இதுக்கு எந்தப் பயிற்சியும் பதில் இல்ல. தலைவருங்கதான் இவங்ககூட போய் கௌன்டர்ல நிக்கணும், ஒருவாட்டி இல்ல, பத்து வாட்டி.

ஞாபக மறதி பத்தி பேசினப்பதான் எனக்கே ஒரு பாடம் கெடச்சுது. 2018ல சுகாதார அமைச்சு எடுத்த கணக்குல, 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 8.5 விழுக்காட்டுக்கு டிமென்ஷியா இருக்கலாம்னு வந்துச்சு, கிட்டத்தட்ட பன்னெண்டு பேர்ல ஒருத்தர். சின்னதா ஒரு பரிசோதனை இருக்கு, மூணு வார்த்தை சொல்லி ஞாபகம் வெச்சுக்க சொல்லணும், நடுவுல ஒரு கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிஷம்னு முள் போட சொல்லணும், அப்பறம் அந்த மூணு வார்த்தைய கேக்கணும். மண்டபத்துக்கு பக்கத்துல பூ கட்டிக்கிட்டு இருந்த ஒரு ஆயாவ, 81 வயசு, சும்மா செஞ்சு காமிக்க கூப்பிட்டேன். பேனாவ அவங்க பிடிச்ச விதத்துலயே எனக்கு புரிஞ்சிருக்கணும், கத்திய பிடிக்கிற மாதிரி பிடிச்சாங்க. ஒரு வட்டம் போட்டாங்க, அழகான வட்டம், அப்பறம் பேனாவ வெச்சுட்டாங்க. மூணு வார்த்தையும் தப்பில்லாம சொன்னாங்க. நான் பேப்பர பாத்துட்டு ஏதோ சொல்ல வாய தொறக்கறேன், ஆயா, "நான் பள்ளிக்கூடம் போனதில்லடி. பெரட்டுக்கு எப்ப எழுந்திருப்பேன்னு கேளு, சொல்றேன்"னாங்க.

கேட்டேன். (பெரட்டுன்னா தோட்டத்துல காலையில ஆளுங்க பேர் கூப்பிடறது.) பத்து கவான்ங்கற ஊருக்கு பக்கத்து தோட்டம், இப்ப ஐகியா கடை இருக்கிற பக்கந்தான். இருட்டுலயே எழுந்து தண்ணி பிடிச்சு, சோறாக்கி, புள்ளைய ஆயாக்கொட்டாயில விட்டு, பெரட்டுல பேர் குடுத்து, எந்த நிரைய (மர வரிசைய) எந்த தண்டல் (மேஸ்திரி) குடுத்தாரு, மழை பெஞ்சா கிராணி (தோட்டத்து கிளார்க்) என்ன சொல்லுவாரு, தோள்ல போடற காண்டா கம்புல ரெண்டு வாளிய தூக்கிக்கிட்டு எந்த வழியா ஸ்டோருக்கு வரணும், வரிசை மாறாம அரை மணி நேரம் சொன்னாங்க. போன வாரம் பேரனுக்கு பொறந்தநாள், என்னைக்குன்னு கேட்டேன், கிழமையோட சொன்னாங்க. இவங்களுக்கு என்ன மறதி. படிக்காதவங்களுக்கு அந்த கடிகாரம் சரிவராதுன்னு படிச்சவங்களே எழுதி வெச்சிருக்காங்க, நானும் எங்கயோ படிச்சிருக்கேன், ஆனா அந்த ஆயா பேனாவ வெச்ச அப்பறந்தான் அது மண்டையில ஏறுச்சு. கவர்மெண்ட் கிளினிக் நர்ஸ் அத குறிச்சுக்கிட்டாங்க, அவங்க நாளைக்கு பத்து பேருக்கு இத செய்றாங்களாம்.

ஆனா திடீர்னு வர்ற குழப்பம் வேற, அத எல்லார் மண்டையிலயும் ஏத்தணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். போன வாரம் வரைக்கும் தெளிவா பேசிக்கிட்டு இருந்தவங்க ரெண்டே நாள்ல ஒளற ஆரம்பிச்சா, செவுத்துல ஆள் தெரியுதுன்னா, ராத்திரி கத்தினா, பகல்ல தூங்கி தூங்கி விழுந்தா, அது டிமென்ஷியா ஆரம்பம்னு வீட்டுல வெச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. மூத்திரத்துல கிருமி, ஒடம்புல தண்ணி கொறைச்சல், சக்கரை எறங்கினது, புது மாத்திரை, இப்படி ஏதாச்சும் இருக்கும், அன்னைக்கே ஆஸ்பத்திரி. நம்ம ஆளுங்க மொதல்ல எங்க கூட்டிட்டு வருவாங்க? கோயிலுக்கு. காத்து கருப்புன்னு. அதனால நான் டாக்டருக்கு சொல்றதவிட பூசாரிக்குத்தான் சொல்லணும். பூசாரி ஐயா கொஞ்சம் மொறைச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தாரு. "நீங்க திருநீறு போடுங்க ஐயா, மந்திரிச்சு விடுங்க, நான் வேணாம்னு சொல்லல, அப்படியே எப்பலருந்து இப்படின்னு ஒரு கேள்வி கேளுங்க, ரெண்டு மூணு நாள்தான்னா அந்த திருநீறோடயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க"ன்னேன். யோசிச்சாரு. "அது முடியும்"னாரு. அதுக்கப்பறம் ஒரு தாத்தாவ அப்படியே அனுப்பி வெச்சாரு, மூத்திரத்துல கிருமிதான், ஆறு நாள்ல தெளிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாரு, பூசாரி ஐயா இப்ப அத என்னைவிட நல்லா எல்லாருக்கும் சொல்றாரு, கொஞ்சம் மசாலா சேர்த்து.

காது பத்தியும் ரெண்டு வரி. வயசானா மொதல்ல போறது கீச்சு சத்தம், நாம கத்த கத்த கொரல் இன்னும் மேல போகுது, அவங்களுக்கு இன்னும் கேக்காது. கொரல எறக்கி, நேரா மொகத்த பாத்து, மெதுவா. "ஆமா ஆமா"ன்னு தலையாட்டுனா கேட்டுச்சுன்னு அர்த்தம் இல்ல.

மருந்துக்கு ஃபார்மசி பொண்ணுதான் ஹீரோயின். நாலாவது வாரம் வீட்டுல இருக்கிற எல்லா மருந்தையும் பையோட கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தா. செயலாளர் ஒரு பழைய மைலோ டின் நெறைய கொண்டு வந்தாரு. கவர்மெண்ட் கிளினிக்கு குடுத்தது, தனியார் டாக்டர் குடுத்தது, சம்பந்தி குடுத்தது, இந்தியாவுல இருந்து வந்த மூட்டு வலி பொடி. ஒரே பிரஷர் மாத்திரை ரெண்டு வேற பேர்ல இருந்துச்சு, ரெண்டையும் முழுங்கிக்கிட்டு இருந்திருக்காரு. அந்த 14 செகண்டும் குளிக்கிற எடத்துல வழுக்குனதும் எனக்கு அப்ப சட்டுன்னு ஞாபகம் வந்துச்சு. ஃபார்மசி பொண்ணு எதையும் நிறுத்த சொல்லல, எழுதி குடுத்து கிளினிக்குக்கு டின்னோட போக சொன்னா. அதுதான் சரி, வகுப்பு முடிச்சவங்கெல்லாம் டாக்டர் ஆகிட்டா பெரிய தொல்லை.

கடைசி நாள் ஒரு பழைய கதை சொன்னேன். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போக்கேன்னு ஒரு ஊரு, அங்க ரேமண்ட் ராஸ்கோன்னு ஒருத்தரு 1978ல ஒண்ணு ஆரம்பிச்சாரு. தனியா இருக்கிற வயசானவங்க ஆபீசுக்கு வந்து உதவி கேக்க மாட்டாங்க, ஆனா அவங்க வாசலுக்கு யாராச்சும் போய்க்கிட்டுதான் இருக்காங்க, மீட்டர் பாக்கறவரு, தபால்காரரு, பேங்க் கௌன்டர்ல இருக்கிறவங்க. அவங்களுக்கு பயிற்சி குடுத்தாரு. வைத்தியம் பாக்கவோ புத்தி சொல்லவோ இல்ல, எத கவனிக்கணும், கவனிச்சா எந்த நம்பருக்கு சொல்லணும், அவ்ளோதான். போன் வந்தா தெரிஞ்சவங்க வீட்டுக்கு போய் பாப்பாங்க.

சொல்லி முடிச்சிட்டு, "நம்ம பக்கம் அப்படி யாரு தினமும் வாசலுக்கு போறா"ன்னு கேட்டேன். தபால்காரர் கேட்டுக்கு வெளிய டப்பாவுல போட்டுட்டு போயிர்றாரு. பேங்க் எல்லாம் போன்லயே. கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்பறம் அஞ்சாறு பேரு ஒரே நேரத்துல "ரொட்டி பாய்!"ன்னாங்க. பாக்கி எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா சரிதானே. மோட்டர்ல ரெண்டு பக்கமும் ரொட்டி, பன், கச்சான், முறுக்கு பாக்கெட் தொங்க விட்டுக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே வருவாரு. யாரு தினமும் எறங்கி வருவாங்க, யாரு ரெண்டு நாளா வரல, யாரு முன்னாடி முழு ரொட்டி வாங்கினவங்க இப்ப ஒரே ஒரு பன் வாங்கறாங்க, யாரு நேத்து குடுத்த காச இன்னைக்கு மறுபடியும் குடுக்கறாங்க, அவருக்கு எல்லாம் தெரியும். எங்கப்பாவுக்கும் அவருதான் ரொட்டி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு அவரே மேல ஏறி வந்து, "அங்கள் ஒடம்பு எறங்கிட்டாருன்னு நான் ரம்ஜான் மாசத்துலயே பாத்தேன், யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல"ன்னாரு. நான் அப்பா விழுந்ததுக்கு அப்பறம் ஆஸ்பத்திரி வராண்டாவுல பெல்ட்ட சுருட்டிக்கிட்டு பாத்தத, இந்த மனுஷன் மாசக்கணக்கா முன்னாடியே மோட்டர்ல உக்காந்தபடி பாத்துட்டாரு. என் நம்பர் அவருகிட்ட இல்ல, அவ்ளோதான்.

இப்ப இருக்கு. தலைவரு நம்பரும் இருக்கு. வர்ற சனிக்கிழமை ரெண்டாவது கூட்டத்துக்கு வகுப்பு ஆரம்பிக்கறோம், ரொட்டி பாயையும் கூப்பிட்டிருக்கேன், கோயில் மண்டபத்துக்குள்ள வர்றதுக்கு சங்கடமா இருந்தா வாசல்ல பந்தல் போட்டே நடத்திருவோம்னு தலைவரே சொல்லிட்டாரு. பாய் வர்றேன்னுதான் சொல்லியிருக்காரு, ஆனா மூணு மணிக்கு கெளம்பிருவாராம், சாயங்கால ரவுண்டு இருக்காம். மழை பெஞ்சா வரவே மாட்டாராம், ரொட்டி நனைஞ்சிரும்.